கட்டிய வீடும் புதுக் குடித்தனமும்

(2025 ஜூன் மாதம் வேலூரில், இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பட்டத்தை வென்ற லிவர்பூல் கால்பந்து அணியின் ரசிகர்கள் கூடி நடத்திய வெற்றி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, வேறு நிகழ்ச்சி இருந்தும் அதைத் தள்ளி வைத்துவிட்டு முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, வாணியம்பாடியிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் வந்திருக்கும் மூத்த ஆட்டக்காரர்களே, அரக்கோணத்திலிருந்து ரயிலேறி வந்திருக்கும் ரயில்வே நண்பர்களே, மண்டபத்தை ஒரு ரூபாய்கூட வாங்காமல் திறந்துவிட்ட உரிமையாளர் அவர்களே, காலையிலிருந்து ஒலிபெருக்கியோடு போராடிக்கொண்டிருக்கும் தம்பி அவர்களே, சிவப்புச் சட்டையில் நிறைந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, பிள்ளைகள் எதற்காக இரவெல்லாம் கத்துகிறார்கள் என்று பார்க்க வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். பொன்னாடைக்கு ஆகும் பணத்தில் ஒரு கால்பந்து வாங்கித் தாருங்கள் என்று கேட்டேன். என் வேண்டுகோளுக்கு மதிப்புக் கொடுத்து, தலைவர் தம் கையாலேயே இந்தப் பந்தைத் தந்தார். இதை எங்கே கொடுக்கப்போகிறேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் ஆட்ட நுணுக்கங்களைப் பாடம் எடுப்பது போல விளக்கினார். அவருக்கும் என் நன்றி.

தொடங்கும் முன் ஒரு நிமிடம். மே 26ஆம் தேதி லிவர்பூல் நகரில் நடந்த வெற்றி ஊர்வலத்துக்குள் கார் புகுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். குடும்பத்தோடு குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்காக எழுந்து நிற்போம்.

நன்றி. அமருங்கள்.

இன்று ஒரே ஒரு செய்தியைப் பேசலாம் என்று வந்தேன். பெரியவர் ஒருவர் எழுந்து போன நாற்காலியில் புதியவர் எப்படி அமர வேண்டும் என்பது.

எங்கள் வீட்டில் பாட்டி ஒரு பழமொழி சொல்வார். கட்டிய வீட்டுக்குப் பழுது சொல்வார் பலர். கொத்தனார் வேர்வை சிந்திக் கட்டி முடித்திருப்பார். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, சமையலறை ஜன்னல் தெற்கே இருந்திருக்கலாம் என்பார். புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்களில் பலர் இப்படித்தான். முதல் நாளே முந்தியவர் கட்டியதை இடிக்கத் தொடங்கிவிடுவார்கள். இடித்தால்தானே தான் வந்தது ஊருக்குத் தெரியும்!

2024 ஜனவரியில் லிவர்பூலின் மேலாளர் யூர்கன் கிளாப், பருவம் முடிந்ததும் போகிறேன் என்று அறிவித்தபோது உங்களில் எத்தனை பேர் அழுதீர்கள் என்று எனக்குத் தெரியும். 2015இல் வந்தவர். 2019இல் ஐரோப்பியக் கோப்பையைத் தந்தவர். முப்பது ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு 2020இல் லீக் பட்டத்தைத் தந்தவர். அந்தப் பட்டத்தை வெறிச்சோடிய மைதானத்தில் கொண்டாட வேண்டியிருந்தது, கொரோனா காலம். அவருடைய இடத்துக்கு வருகிறவருக்கு எவ்வளவு பெரிய சுமை! மான்செஸ்டர் யுனைடெட்டில் என்ன நடந்தது? இருபத்தாறு ஆண்டுகள் மேலாளராக இருந்த ஃபெர்குசன் 2013இல் பட்டத்தோடு விடைபெற்றார். புதியவருக்குத் துணை நில்லுங்கள் என்று மைதானத்திலேயே மக்களைக் கேட்டுக்கொண்டும் போனார். பின்னால் வந்த டேவிட் மோயஸுக்கு ஆறாண்டு ஒப்பந்தம். பத்தே மாதத்தில் அனுப்பிவிட்டார்கள்.

லிவர்பூலுக்கு வந்தவர் ஆர்னே ஸ்லாட். நெதர்லாந்துக்காரர். ஃபெயனூர்ட் அணிக்கு 2023இல் லீக் பட்டம் வாங்கித் தந்தவர். அவருக்குக் கொடுத்த பதவியின் பெயரைக் கவனியுங்கள். மேலாளர் என்று அல்ல, தலைமைப் பயிற்றுநர் என்று. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது.

அவர் வந்து வீட்டை இடித்தாரா? இல்லை. அதே ஆட்டக்காரர்கள். அந்தப் பருவத்தில் புதிதாக வந்து ஆடியவர் இத்தாலியரான கியேசா ஒருவர்தான், அவரும் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்தார். நடுக்களத்துக்காக ஸ்பெயினிலிருந்து சுபிமெண்டியைக் கேட்டார்கள், அவர் வர மறுத்துவிட்டார். வேறொருவராக இருந்தால் ஆளில்லை என்று கைவிரித்திருப்பார். ஸ்லாட் வீட்டுக்குள்ளேயே தேடினார். முந்தைய ஆண்டு பெஞ்சில் அதிகம் உட்கார்ந்திருந்த கிராவன்பெர்க்கைப் பாதுகாப்பு வரிசைக்கு முன்னால் நிறுத்தினார். பருவ முடிவில் பிரீமியர் லீக்கின் சிறந்த இளம் வீரர் விருது அந்தப் பிள்ளைக்கு! சாலா 29 கோல் அடித்தார், இன்னும் 18 கோலுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்தார்.

ஏப்ரல் 27, ஞாயிற்றுக்கிழமை. நமக்கு இரவு ஒன்பது மணிக்கு ஆட்டம். டாட்டன்ஹாமோடு சமன் செய்தாலே பட்டம். அவர்களுடைய சோலங்கி முதலில் கோல் போட்டதும் இந்த ஊரில் எத்தனை வீடுகளில் மூச்சு நின்றிருக்கும்! பிறகு டியாஸ், மெக்காலிஸ்டர், காக்போ, சாலா, எதிரணிக்காரர் தம் வலையிலேயே போட்ட ஒன்று. ஐந்துக்கு ஒன்று. நான்கு ஆட்டங்கள் மீதம் இருக்கும்போதே இருபதாவது லீக் பட்டம். பிரீமியர் லீக்கை வென்ற முதல் நெதர்லாந்துப் பயிற்றுநர் என்ற பெயரும் ஸ்லாட்டுக்குக் கிடைத்தது.

இதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். எனக்கு முக்கியம் அதற்குப் பின் நடந்தது. ஸ்லாட் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அவர் என்ன செய்தார்? கிளாப்பின் பெயரைப் பாடினார். முந்தைய ஆண்டு மே மாதம், விடைபெற்ற அன்று, அதே ஆன்ஃபீல்டு மைதானத்தில் கிளாப் ஸ்லாட்டின் பெயரைப் பாடி மக்களையும் பாட வைத்தார் அல்லவா? அந்தக் கடனைத் தீர்த்தார். கட்டிய வீட்டுக்குப் பழுது சொல்வார் பலர். கட்டியவரின் பெயரை வாசலில் நின்று சொல்பவர் எத்தனை பேர்?

அதைப் பார்த்தபோது எனக்கு 1978 நினைவுக்கு வந்தது. ஸ்லாட் பிறந்த ஆண்டு அது. நான் பத்தாம் வகுப்பு. எங்கள் பள்ளியில் பல ஆண்டுகள் டிரில் மாஸ்டராக இருந்தவர் அந்த ஆண்டு ஓய்வு பெற்றார். அவரை நாங்கள் பெரிய சார் என்போம். கோபக்காரர். ஆனால் பசியோடு வரும் பையனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, தம் டிபன் டப்பாவை நீட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவர் இடத்துக்கு நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். பேச்சே வேறு மாதிரி இருந்தது. எங்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. முதல் நாள் யாரும் பந்தைத் தொடவில்லை. வேப்ப மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்துகொண்டோம்.

அவர் திட்டவில்லை. ஒரு செங்கல்லைப் புரட்டிப் போட்டு எங்கள் எதிரிலேயே உட்கார்ந்தார். "உங்கள் பெரிய சார் கற்றுக்கொடுத்ததை எனக்கு ஆடிக் காட்டுங்கள். நான் பார்த்துப் படித்துக்கொள்கிறேன்" என்றார். அதற்கு எப்படி மறுப்பது? ஆடினோம். ஒரு வாரம் அவர் விசிலே ஊதவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். எட்டாம் நாள் ஒரே ஒரு மாற்றம் செய்தார். பாகாயத்திலிருந்து வரும் ஒரு பையன் இடது ஓரத்தில் ஆடுவான். முன்னே போனால் திரும்பி வரமாட்டான். அவனைத் தடுப்பு வரிசைக்கு முன்னால் நிறுத்தினார். அவன் இரண்டு நாள் அழுதான். மூன்றாம் நாளிலிருந்து அவனைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை.

டிசம்பரில் அரக்கோணத்தில் போட்டி. காட்பாடியிலிருந்து பாசஞ்சர் ரயில். ஆளுக்கொரு புளிச்சோற்றுப் பொட்டலம். பாதிப் பேர் காலில் பூட்ஸ் கிடையாது. அப்போதெல்லாம் லேஸ் கட்டிய தோல் பந்து, அந்த லேஸ் முடிச்சு நெற்றியில் பட்டால் இரண்டு நாளைக்குத் தழும்பு நிற்கும். எதிரணியில் இருந்தவர்களில் இரண்டு பேருக்கு மீசை முளைத்து முறுக்கும் அளவுக்கு வந்திருந்தது. அவர்கள் பள்ளி மாணவர்கள்தானா என்று நாங்கள் கேட்க, புது சார், "மீசை கோல் அடிக்காது, போய் ஆடுங்கள்" என்றார். இடைவேளைக்கு முன் ஒரு கோல் வாங்கினோம். இடைவேளைக்குப் பின் ஒன்று போட்டோம். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்தப் பாகாயத்துப் பையன் யாருடைய காலிலிருந்தோ பந்தைப் பறித்துத் தூக்கி அடித்தான். கோலுக்கு அடித்தானா, எனக்குக் கொடுக்க அடித்தானா என்று இன்று வரை அவன் சொல்லவில்லை. பந்து உள்ளே போய்விட்டது!

ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர், அணிக்கு ஒரு கோப்பை. காட்பாடியில் இறங்கியபோது கடைசி பஸ் போய்விட்டது. பாலாற்றுப் பாலத்தின் மேல் நடந்தோம். கீழே மணல், மேலே நிலா, நடுவில் கோப்பையை மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு நாங்கள். அவரவர் வீட்டுக்குப் பிரிய வேண்டிய இடம் வந்ததும் புது சார் நிறுத்தினார். "இன்னும் ஒரு வீடு இருக்கிறது" என்றார்.

எங்கள் ஊர்ச் சைதாப்பேட்டையில் பெரிய சார் வீடு. மணி பதினொன்றரை இருக்கும். கதவைத் தட்டினார். பெரிய சார் அரிக்கேன் விளக்கோடு வந்தார், பனியனும் வேட்டியுமாக. புது சார் ஒன்றும் பேசவில்லை. கோப்பையை அவர் கையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து எங்களோடு நின்றுகொண்டார். பெரிய சார் கோப்பையைப் பார்க்கவே இல்லை. விளக்கை உயர்த்தி எங்களை ஒவ்வொருவராக எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு, "எல்லோரும் சாப்பிட்டீர்களா?" என்றார். அந்த நேரத்தில் அவர் வீட்டு அம்மா அடுப்பு மூட்டி உப்புமா கிளறிப் போட்டார்கள். நாற்பத்தேழு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த உப்புமாவின் ருசி நாக்கில் இருக்கிறது.

கைதட்டலுக்கு நன்றி. அது அந்த இரண்டு பேருக்கும் சேரட்டும். இரண்டு பேரும் இன்று இல்லை.

அவர்களைப் பார்த்துத்தான் நானும் உடற்கல்வி ஆசிரியன் ஆனேன். முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். நல்ல பயிற்றுநர் ஒருவர் வந்தால் அதே பதினொரு பேர் வேறு அணியாகிவிடுவார்கள் என்பதைத்தான் லிவர்பூல் உலகத்துக்குக் காட்டியிருக்கிறது. சரி, நம் வடஆர்க்காட்டுப் பிள்ளைகளுக்கு யார் பயிற்றுநர்? பெருந்தொகை கொடுத்து வெளிநாட்டிலிருந்து யாரும் வரப்போவதில்லை. பள்ளியில் விசில் மாட்டியிருக்கும் அந்த ஒரு ஆசிரியர்தான் அவர்களுடைய கிளாப், அவர்தான் ஸ்லாட்.

நான் ஓய்வு பெற்ற அன்று விளையாட்டுச் சாமான் அறையின் சாவியை ஒப்படைக்க ஆளைத் தேடினேன். என் இடத்துக்கு யாரும் வந்திருக்கவில்லை. சாவியை அலுவலக ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். இன்று வரை அந்த இடம் காலி. போன மாதம் அந்தப் பக்கம் போனேன். அதே ஆணியில் அதே சாவி. அறைக்குள் நான் காற்றடித்து வைத்த பந்துகள் சுருங்கிக் கிடக்கின்றன. கிளாப்புக்குப் பாட ஒரு பெயர் இருந்தது. எனக்கு யார் பெயரைப் பாடுவது?

நம் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்லும் வழக்கு உங்களுக்குத் தெரியும். தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். சாமியை 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். ஊர் கூடி நின்றால் நடக்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் பள்ளிக் கால அட்டவணையைப் பாருங்கள். விளையாட்டு என்று எழுதியிருக்கும். அந்த நேரத்தில் கணக்குப் பாடம் நடக்கும். அதுவும் சாமி இல்லாத கோயில்தான். கணக்கு ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்களுக்குத் தேர்ச்சி விகிதம் என்ற கத்தி கழுத்தில். பெற்றோர் நாம் ஒருவரும் கேட்காததுதான் குறை. கட்டிய வீட்டுக்குப் பழுது சொல்வார் பலர் என்றேன். மைதானம் என்று கட்டிய வீடு இருக்கிறது, பிள்ளைகளும் இருக்கிறார்கள், குடித்தனத்துக்கு ஆள் வைக்கவில்லை. இந்தப் பழுதை மட்டும் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறோம்.

1974இல் பில் ஷாங்க்லி லிவர்பூலை விட்டுப் போனபோது, அவருக்குத் துணையாக இருந்த பாப் பெய்ஸ்லி பொறுப்பேற்றார். முதல் ஆண்டில் கோப்பை ஒன்றும் இல்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் ஆறு லீக் பட்டம், மூன்று ஐரோப்பியக் கோப்பை. அடுத்த ஆள் தயாராக இருந்ததால் வந்தது அது. நம் பள்ளிகளில் ஒருவர் போகும் முன்பே அடுத்தவர் வந்து ஒரு மாதமாவது கூட நிற்க வேண்டும். இதைத்தான் நான் கேட்கிறேன். மாமன்ற உறுப்பினர் அம்மையார் குறிப்பெடுப்பதைப் பார்க்கிறேன், மகிழ்ச்சி. அவர்கள் மன்றத்தில் பேசினால் நான் பேசுவதைவிட நூறு மடங்கு வலு.

பள்ளிகள் திறந்து சில நாட்களே ஆகின்றன. கால அட்டவணை இப்போதுதான் ஒட்டுகிறார்கள். நாளை உங்கள் வீட்டுப் பிள்ளையின் பள்ளிக்குப் போங்கள். விளையாட்டு எந்தக் கிழமை, எந்த நேரம், யார் எடுக்கிறார்கள் என்று பணிவாகக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். இரவு இரண்டு மணி வரை விழித்து ஆட்டம் பார்க்கும் தம்பிகளே, உங்கள் தெருப் பள்ளிக்கு நீங்கள் போங்கள்.

வெளியே தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் மேசை போட்டிருக்கிறோம். அதில் ஒரு மனு இருக்கிறது. காலியாக இருக்கும் உடற்கல்வி ஆசிரியர் இடங்களை நிரப்ப வேண்டும், விளையாட்டு நேரத்தை வேறு பாடத்துக்கு எடுக்கக் கூடாது, இவ்வளவுதான் அதில் எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். இந்தப் பந்தையும் அந்த மேசையில்தான் வைக்கப்போகிறேன். விளையாட்டு நேரத்தில் உண்மையாகவே விளையாட விடுகிறோம் என்று முதலில் எழுதிக் கொடுக்கும் பள்ளிக்கு அது சேரும். வருகிற திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். காலை பத்து மணிக்குச் சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலக வாசலில் நான் நிற்பேன். சிவப்புச் சட்டையிலேயே வாருங்கள், அடையாளம் தெரியும்.