ஜெராக்ஸ் எடுத்த கைகள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அரசு நடத்திய சித்திரவதைக்கு எதிரே மதத்தலைவர்களின் முதல் கடமை மன்னிக்கச் சொல்வதா, கணக்குக் கேட்பதா? கணக்குக் கேட்பதே என்பது எங்கள் கட்சி.

ராணுவ நீதிமன்றக் கோப்புகளைப் பிரதி எடுக்க வைத்த பிரேசில் பாதிரிமார்களை எங்கள் அணித் தலைவர் சொன்னதும், எதிரணி அம்மா ஒன்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார்: "கும்பிடுகிற கைக்கு ஜெராக்ஸ் மெஷினில் என்ன வேலை?"

என்ன வேலையா? சொல்கிறேன், கேளுங்கள்.

1964 முதல் 1985 வரை பிரேசிலில் ராணுவ ஆட்சி. 1979இல் பொதுமன்னிப்புச் சட்டம் வருகிறது. சிறைப்பட்டவனுக்கும் மன்னிப்பு, அவனை அடித்தவனுக்கும் மன்னிப்பு. அந்தச் சமயத்தில் ராணுவ நீதிமன்றக் கோப்புகளை வழக்கறிஞர்கள் 24 மணி நேரத்துக்கு வெளியே எடுத்துப் போகலாம். வெறும் 24 மணி நேரம்! தங்களுக்கு வேண்டிய தாளை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லையே! முழுக் கட்டையும் பிரதி எடுத்தார்கள். வாங்கு, எடு, கெடு முடியுமுன் திருப்பிக் கொடு. மறுபடி வாங்கு, மறுபடி எடு. ரகசியமாக, வருஷக் கணக்கில். மொத்தம் சுமார் பத்து லட்சம் பக்கம் அம்மா, பத்து லட்சம்!

பின்னால் நின்றவர்கள் கத்தோலிக்கத் திருச்சபையின் கர்தினால் ஆர்ன்ஸ், புராட்டஸ்டன்ட் போதகர் ஜைமி ரைட். பணம் ஜெனீவாவில் இருக்கும் உலகத் திருச்சபை மன்றத்திலிருந்து வந்தது.

அந்தத் தாள்களில் என்ன இருந்தது? "என்னைத் தொங்கவிட்டார்கள், மின்சாரம் பாய்ச்சினார்கள்" என்று கைதி நீதிமன்றத்தில் சொன்ன வாக்குமூலம். அதைப் பதிவு செய்து வைத்திருந்ததே ராணுவ நீதிமன்றம். அப்புறம் யார் மறுப்பது?

மன்னிப்பு பெரிய குணம்தான். ஆனால் யாரை மன்னிப்பது? போதகர் ரைட்டின் தம்பி பாவுலோவை 1973இல் பிடித்துப் போனார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை. நான்தான் செய்தேன் என்று ஒருவனும் வாய் திறக்காதபோது அந்த அண்ணன் யார் முகத்தைப் பார்த்து மன்னிப்பார்?

விளாதிமிர் ஹெர்சாக். பத்திரிகையாளர், யூதர், வயது 38. 1975 அக்டோபர் 25 காலையில், கூப்பிட்டார்களே என்று தாமாகவே சாவ் பாவுலோ நகரத்து ராணுவ விசாரணைக் கூடத்துக்குப் போனார். அன்றைக்கே பிணம். தற்கொலை என்றது ராணுவம். புகைப்படமும் காட்டியது: ஜன்னல் கம்பியில் துணிப்பட்டை, முழங்கால் மடங்கிப் பாதம் தரையில் கிடக்கிறது. தரையில் பாதம் ஊன்றியவர் தூக்கில் தொங்கினாராம்!

தற்கொலை செய்துகொண்டவர்களை யூதர்கள் இடுகாட்டில் ஒதுக்குப்புறமாகத்தான் புதைப்பார்கள். ரபி, அதாவது யூத மதகுரு, இளைஞர் ஹென்ரி சோபெல் அங்கே புதைக்க மாட்டேன் என்றார். மற்றவர்களோடு சேர்த்தே புதைத்தார். ராணுவம் சொன்னது பொய் என்பதை ஊருக்கு அந்தக் குழி சொல்லியது. ஆறு நாளில் கர்தினால், ரபி, போதகர் மூவரும் சாவ் பாவுலோ பேராலயத்தில் சேர்ந்து வழிபாடு நடத்தினார்கள். ராணுவ ஆட்சியில், சுமார் எட்டாயிரம் பேர் வந்தார்கள்.

ஹெர்சாக்கின் மனைவி கிளாரிசி அரசின் மேல் வழக்குப் போட்டார். அரசே பொறுப்பு என்று 1978இல் தீர்ப்பு வந்தது. ஆனாலும் இறப்புச் சான்றிதழ் மாறவில்லை. 2013 மார்ச்சில்தான் திருத்திய சான்றிதழ் குடும்பத்தின் கைக்கு வந்தது: ராணுவக் காவலில் நடந்த கொடுமையால் ஏற்பட்ட மரணம்.

நடுவர் அவர்களே, அவர் வாழ்ந்ததே 38 வருஷம். அந்த ஒரு வரியைத் திருத்த, அந்த அம்மா கிட்டத்தட்ட அத்தனை வருஷம் காத்திருந்தார்.