மாதிரியை எப்போது காட்டுவது?

ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

படைப்பாற்றல் என்றதும் ஓவிய வகுப்பும் ஆண்டு விழாவும் அறிவியல் கண்காட்சியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. இன்று அவற்றை விட்டுவிடுவோம். கண்காட்சி மேசையில் இருப்பவற்றில் எத்தனை பெற்றோர் செய்து கொடுத்தவை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். 40 நிமிடச் சாதாரணப் பாடவேளையில் என்ன செய்யலாம், அதைவிட முக்கியமாக எதைச் செய்யாமல் இருக்கலாம் என்று மட்டும் பேசுகிறேன்.

"வாழ்த்து அட்டை செய்யுங்கள், உங்கள் இஷ்டம்" என்று சொல்கிறோம். சொல்லிவிட்டு, புரியட்டுமே என்று நாம் செய்த ஓர் அட்டையைக் கரும்பலகையில் ஒட்டுகிறோம். மூலையில் ஒரு பூ, நடுவில் வளைந்த எழுத்து. மறுநாள் வந்து குவியும் அட்டைகளில் மூலையில் பூ இல்லாததைத் தேட வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்குக் கற்பனை போதாது என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். பெரியவர்கள் மட்டும் வேறா? 1991இல் ஜான்சன், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள், பொறியியல் மாணவர்களிடம் சிந்தாத காபிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள். உறிஞ்சுகுழல் வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஒரு குழுவுக்கு மட்டும் உறிஞ்சுகுழல் வைத்த மாதிரிப் படம் ஒன்றைக் கொடுத்தார்கள். தடை தெரிந்திருந்தும் அந்தக் குழுவில் பலர் உறிஞ்சுகுழலோடு வரைந்து வைத்தார்கள்.

ஆகவே மாதிரியைப் பின்னுக்குத் தள்ளுங்கள். முதல் எட்டு நிமிடம் எதையும் காட்டாமல் தாளில் கிறுக்கவிடுங்கள். பிறகு காட்டுவதென்றால் மூன்று காட்டுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டாதவையாக இருக்கட்டும். ஒன்றே ஒன்று காட்டினால் அதுவே விடையாகிவிடும். ஆனால் கைத்திறனை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கவராயத்தைப் பிடிப்பது, தாளை மடித்து வெட்டுவது, பசை தடவுவது இவற்றை நேரில் செய்து காட்டித்தான் ஆக வேண்டும். எப்படிச் செய்வது என்பதைக் காட்டுங்கள். என்ன செய்வது என்பதைக் காட்டாதீர்கள்.

அடுத்தது கேள்வி. "எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுது" என்பது சுதந்திரம்போலத் தோன்றும். உண்மையில் பாதி வகுப்பு பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும். கட்டுப்பாடு ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். மரத்தைப் பற்றி ஒரு பக்கம். 'பச்சை', 'நிழல்', 'இலை' என்ற மூன்று சொற்களும் வரக் கூடாது. மனப்பாடக் கட்டுரை அங்கேயே நின்றுபோகும். பட்டையின் சொரசொரப்பும், வேர் தூக்கிய நடைபாதைக் கல்லும் எழுத்துக்குள் வரும்.

கணக்கிலும் முடியும். நீளம் 6 செ.மீ., அகலம் 4 செ.மீ., பரப்பளவு என்ன என்று பாடநூல் கேட்கிறது. அதைத் திருப்பிப் போடுங்கள்: பரப்பளவு 24 சதுர செ.மீ., பக்கங்கள் என்னவாக இருக்கலாம்? 4க்கு 6, 3க்கு 8, 2க்கு 12, 1க்கு 24 என்று வரிசையாக வரும். சுற்றளவு 20, 22, 28, 50 என்று ஏறும். இங்கே பெரும்பாலும் வகுப்பு நின்றுவிடும். முழு எண்தான் விடை என்று யாரும் சொல்லவில்லை, பழக்கம் சொல்கிறது. "இதைவிடப் பெரிய சுற்றளவு உண்டா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். யாராவது அரை செ.மீ.க்குப் போவார்கள்: 48ஆல் பெருக்க அதே 24, சுற்றளவு 97. இதற்கு எல்லையே இல்லை என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். பரப்பளவு தெரியாத பிள்ளையால் இந்த விளையாட்டில் இறங்க முடியாது என்பதையும் கவனியுங்கள். பாடத்தைக் குறைத்துவிட்டுப் படைப்பாற்றலை வளர்க்கலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

'பேசாமல் இருங்கள்' என்றேன். அது லேசான காரியம் அல்ல. 1970களில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து அளந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் பொறுத்தார்கள். அதை மூன்று வினாடியாக நீட்டியபோது விடைகள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். விடை வந்த பிறகும் மூன்று வினாடி பொறுங்கள். முதல் விடைக்கே "சபாஷ்" சொன்னால், யோசித்துக்கொண்டிருந்த மற்றவர்கள் கடையை மூடிவிடுவார்கள்.

குழுவேலையில் ஒரு பிசகு இருக்கிறது. நான்கு பேரை உட்காரவைத்து "யோசனை சொல்லுங்கள்" என்றால், ஒருவர் பேச மூவர் காத்திருப்பார்கள். காத்திருக்கும்போதே தங்கள் யோசனையை மறப்பார்கள். 1958இல் யேல் பல்கலைக்கழக ஆய்வொன்றில், தனித்தனியே யோசித்த நால்வரின் பட்டியல்களைச் சேர்த்துப் பார்த்தபோது, கூடிப் பேசிய நால்வர் குழுவைவிட அதிக யோசனைகள் இருந்தன. எனவே முதல் ஐந்து நிமிடம் தனியாக, மௌனமாக, எழுத்தில். பிறகு தாள்களை வலப்பக்கம் மாற்றி, அடுத்தவர் எழுதியதன் கீழே இரண்டு சேர்க்கச் சொல்லுங்கள். பேச்சு அதன் பிறகுதான்.

பட்டியலை எப்படிப் படிப்பது? செங்கல்லை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பது உளவியலாளர் கில்ஃபோர்டின் பெயரோடு சேர்ந்தே பேசப்படும் பழைய பயிற்சி. சுவர், தூண், படி, திண்ணை என்று பத்து எழுதியவர் உண்மையில் ஒரே வகையைத்தான் பத்து முறை எழுதியிருக்கிறார். கதவுக்கு முட்டு, பொடி செய்து நிறம் என்று இரண்டே எழுதியவர் வகை மாறியிருக்கிறார். எண்ணிக்கையைத் தனியே, வகையைத் தனியே எண்ணச் சொல்லுங்கள். முதலில் வருபவை எல்லோருக்கும் வருபவை. பன்னிரண்டு கேட்டு, முதல் நான்கை அடிக்கச் சொல்வது நல்ல பழக்கம்.

இனி மதிப்பெண். 1973இல் லெப்பரும் சக ஆய்வாளர்களும் மழலையர் வகுப்பில் ஒன்றைக் கண்டார்கள். படம் வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பிறகு பரிசில்லாத நேரத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988இல் காட்டியது நமக்கு இன்னும் நெருக்கமானது: குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள், குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. எண்ணைப் பார்த்த கண் அதன் பக்கத்தில் எழுதியதைப் படிப்பதில்லை.

முதல் வரைவுக்கு மதிப்பெண் போடாதீர்கள். இரண்டே வரி எழுதுங்கள்: எந்த இடம் நன்றாக இருக்கிறது என்பது ஒன்று, ஒரு கேள்வி இன்னொன்று. 'அருமை' என்பது குறிப்பு அல்ல. ஒரு நோட்டுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 40 நோட்டுக்கு 80 நிமிடம் ஆகும். யாராலும் வாராவாரம் முடியாது. வாரம் பத்து நோட்டு என்று சுழற்சியில் பாருங்கள். இறுதி வடிவத்துக்கு மதிப்பெண் கொடுக்கும்போது, வரைவுக்கும் இதற்கும் என்ன மாறியது, ஏன் மாறியது என்று மாணவர் எழுதும் நான்கு வரிக்கும் ஒரு பங்கு வையுங்கள். மினுக்குத் தாளுக்கும் வண்ண விளிம்புக்கும் பங்கு வேண்டாம்; அது கடைக்குப் போக முடிந்தவர்களுக்குக் கொடுக்கும் மதிப்பெண்.

பாடத்திட்டம் முடியாதே என்பீர்கள். கூடுதலாகச் செய்யச் சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பாட இறுதிப் பயிற்சியில் ஐந்து கணக்கை எடுத்துவிட்டு அங்கே இதில் ஒன்றை வையுங்கள்.

எட்டு நிமிடம் கழித்தும் வெற்றுத் தாளோடு இருக்கும் பிள்ளையிடம் நல்ல யோசனை கேட்காதீர்கள். மோசமான யோசனை மூன்று எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு, அவற்றில் எது ஏன் மோசம் என்று கேளுங்கள்.