பாதியில் மூடிய புத்தகம்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, மட்டக்களப்புச் சபையோரே, எல்லாருக்கும் வணக்கம்.

பேர்போன நாவல்களைத் தொடங்கினால் முடித்தே ஆகவேண்டுமா, ஒட்டாவிட்டால் பாதியில் வைத்துவிடலாமா என்பது இன்றைய கேள்வி. வைத்துவிடலாம் என்று பேச வந்திருக்கிறேன். பாதியில் வைக்கக் கூடாது என்று பயந்தவர்கள்தான் கடைசியில் வாசிப்பையே விட்டுவிடுகிறார்கள் என்பது என் வாதம்.

எதிரணித் தலைவர், "பாதியில் விடுகிறவர்களுக்குப் பொறுமை இல்லை, எல்லாம் கைபேசி செய்த வேலை" என்றார். ஐயா, நான் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறவள். படுவான்கரையிலிருந்து பஸ் ஏறி வந்து படித்த ஒரு பிள்ளையைச் சொல்கிறேன். சிறுகதை, சரித்திரக் கதை, துப்பறியும் கதை, எது கிடைத்தாலும் வாசிக்கும். யாரோ ஒரு பெரியவர், "டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' வாசிக்காமல் இலக்கியம் பேசாதே" என்று சொல்லிவிட்டார். பிள்ளை அதை நூலகத்தில் இரவல் எடுத்தது. உள்ளே போக முடியவில்லை. அதை முடிக்காமல் வேறொன்றைத் தொட்டால் குற்றம் என்று நினைத்து வேறு எதையும் எடுக்கவுமில்லை. திருப்பிக் கொடுக்கும் திகதி போனது. வெட்கத்தில் நூலகத்துப் பக்கம் போவதே நின்றது. இந்தப் பிள்ளைக்கா பொறுமை இல்லை? நல்லா ஓடிக்கொண்டிருந்த வாசிப்பை ஒரு "கட்டாயம்" மறித்துப் போட்டது. எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

அந்த நாவல் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். 1805இல் பீற்றர்ஸ்பேர்க்கில் ஒரு சீமாட்டி வீட்டு விருந்து. நெப்போலியனைப் பற்றிப் பிரபுக்கள் பேசுகிறார்கள், அதுவும் பாதி பிரெஞ்சு மொழியில். ஒரே பெண் ஓரிடத்தில் நத்தாஷா, இன்னோரிடத்தில் நத்தாலியா இலியினிச்னா. ரஷ்யப் பெயர் வைக்கும் முறை தெரியாத பதினேழு வயதுப் பிள்ளை அங்கே திணறினால் அது பிள்ளையின் குறையல்ல. இன்னொன்று. வரலாறு எப்படி இயங்குகிறது என்று டால்ஸ்டாய் இடையிடையே நீண்ட ஆராய்ச்சி எழுதுவார். 1873ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தப் பகுதிகளைக் கதையிலிருந்து பிரித்துப் பின்னிணைப்பாகப் போட்டவர் டால்ஸ்டாயேதான். எழுதியவரே தூக்கித் தள்ளி வைத்துப் பார்த்த பக்கங்களை வாசகர் தாண்டிப் போனால் என்ன பாவம்?

சரி, "எங்கட அம்மாமார் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் முடித்தார்களே" என்று எதிரணித் தங்கை கேட்டார். நல்ல கேள்வி. அது 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்தது. ஒவ்வொரு வாரமும் வாசகருக்கு விட்டுவிடும் உரிமை இருந்தது. பிடிக்காவிட்டால் அடுத்த இதழை வாங்காமல் இருக்கலாம். அது கல்கிக்கும் தெரியும். அதனால்தான் அத்தியாயத்துக்கு அத்தியாயம் கடைசி வரியில் ஒரு கொக்கி போட்டு நிறுத்தினார். வாசகர் எழும்பிப் போய்விடுவார் என்ற அறிவுதான் அந்த எழுத்தை அவ்வளவு விறுவிறுப்பாக்கியது. அந்த உரிமையைப் பறித்துவிட்டு ஐந்து பாகத்தையும் ஒன்றாகக் கட்டிப் பிள்ளையின் தலையில் வைத்து, "முடி" என்கிறோம்.

எங்கட ஊர்க் கூத்துக் களரியை நினைத்துப் பாருங்கள். வடமோடிக் கூத்து விடிய விடிய நடக்கும். கட்டியகாரன் வரவிலிருந்து வாழி பாடும் வரைக்கும் கண் மூடாமல் இருந்தவர்கள் இந்தச் சபையில் எத்தனை பேர்? நடுவில் பாயில் படுத்துக் கண்ணயர்ந்து, போர்க் கட்டத்துக்கு மத்தளம் ஏறும்போது எழும்பியவர்கள்தானே நாங்கள்? மறுகா அடுத்த வருசமும் போகிறோம், போன முறை தூங்கிய இடத்தைப் பார்க்கிறோம். கூத்துப் பழக்கி ஆட்டுவிக்கும் எந்த அண்ணாவியாரும், "நீ முழுதாகப் பார்க்கவில்லை, இனிக் களரிக்கு வராதே" என்று சொன்னதில்லை.

பாதியில் விட்டால் பேரிலக்கியம் அழிந்துபோகும் என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. ஹெர்மன் மெல்வில் 1851இல் வெளியிட்ட 'மோபி டிக்' அவர் காலத்தில் விலைபோகவில்லை. 1891இல் அவர் இறந்தபோது உலகம் அவரை ஏறக்குறைய மறந்திருந்தது. 1920களில் அதே நாவல் எழுந்து வந்து அமெரிக்க இலக்கியத்தின் உச்சியில் உட்கார்ந்தது. ஒரு தலைமுறையே கைவிட்டும் சாகாத புத்தகம், மட்டக்களப்பில் ஒரு பிள்ளை நூறாம் பக்கத்தில் மூடி வைத்தால் செத்துவிடாது.

முதல் நூறு பக்கத்தைக் கஷ்டப்பட்டுத் தாண்டினால் பிறகு திறந்துகொள்ளும் நாவல்கள் உண்டு என்று எதிரணி சொன்னதை நான் மறுக்கவில்லை. உண்மை. ஆனால் அது எந்த வயதில் திறக்கும்? கலியாணம், சாவு, இடம்பெயர்வு எல்லாம் பார்த்த பிறகு திறக்கிற பக்கங்கள் இருக்கின்றன. அப்போது திரும்பி வருவதற்கு ஆள் வாசகராகவே மிஞ்சியிருக்க வேண்டும். வெட்கப்படுத்தி அனுப்பிய பிள்ளை திரும்பி வராது.

பிரான்சில் பள்ளி ஆசிரியராக இருந்த டானியல் பென்னாக் என்ற எழுத்தாளர் 1992இல் வாசகருக்குப் பத்து உரிமைகளை எழுதி வைத்தார். மூன்றாவது, புத்தகத்தை முடிக்காமல் விடும் உரிமை. வகுப்பறையில் பிள்ளைகள் புத்தகத்தைக் கண்டு அஞ்சுவதைப் பார்த்த ஒருவரிடமிருந்து அது வந்தது என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறது.

ஒக்டோபர் வாசிப்பு மாதம் வந்தால் பாடசாலைகளில், "எத்தனை புத்தகம் முடித்தாய்?" என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியை நிறுத்தச் சொல்லித்தான் எங்கள் அணி கேட்கிறது. "எந்த இடத்தில் விட்டாய், ஏன் விட்டாய்?" என்று கேளுங்கள். பிள்ளை பேசும். நடுவர் ஐயா, தீர்ப்பை அந்தப் பிள்ளைகளின் பக்கம் தாருங்கள். நன்றி, வணக்கம்.