இம்மட்டும் உதவி செய்தவர்கள்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையிலிருந்து ஒருபுறம் பாறசாலை, நெய்யாற்றின்கரை நோக்கியும் மறுபுறம் குழித்துறை, மார்த்தாண்டம் நோக்கியும் செல்லும் சாலையில் வீடுகளின் முகப்பைப் பார்த்துக்கொண்டே போகிறவர்கள், 'எபிநேசர் இல்லம்' என்று பொறித்த கல்லைப் பல இடங்களில் காணலாம். கிறிஸ்தவ வேதத்தில் சாமுவேல் தீர்க்கதரிசி மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவே ஒரு கல்லை நிறுத்தி, 'இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்' என்று சொல்லி அதற்கு இட்ட பெயர் அது. எல்லைப் பகுதி மக்களுக்கு அந்தப் பெயரில் ஏன் இத்தனை பிரியம் என்று கேட்டால், ஓலைக் கூரையில் தொடங்கி ஓட்டு வீட்டுக்கும், ஓட்டு வீட்டிலிருந்து மாடி வீட்டுக்கும் இரண்டு மூன்று தலைமுறைகளில் வந்து சேர்ந்த குடும்பங்கள் இங்கே ஏராளம் என்பதுதான் என் பதில்.

அந்தக் கல்லைக் குறை சொல்ல நான் வரவில்லை. எங்கள் வீட்டு முகப்பிலும் அது இருக்கிறது. ஆனால் புது வீட்டை ஜெபித்து அர்ப்பணிக்கும் ஒரு வீடு பிரதிஷ்டையை நினைத்துப் பாருங்கள். போதகர் ஜெபித்து முடித்ததும் குடும்பத் தலைவர் எழுந்து, 'ஒன்றுமில்லாத எங்களுக்குக் கர்த்தர் இந்த வீட்டைக் கட்டித் தந்தார்' என்று கண்கலங்கச் சாட்சி சொல்லுகிறார். கூடியிருப்பவர்களும் ஆமென் சொல்லுகிறார்கள். குவைத்திலோ மஸ்கட்டிலோ செவிலியராக இரவுப் பணி பார்த்து மாதந்தோறும் பணம் அனுப்பிய மகளின் பெயரும், விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போன தம்பியின் பெயரும், கொத்தனாருக்கும் கையாளுக்கும் மாதக்கணக்கில் பாலில்லாத கட்டன்சாயாவும் மரச்சீனிக் கிழங்கும் ஆக்கிப்போட்ட மனைவியின் பெயரும் அந்தச் சாட்சியில் வருவதில்லை. வந்திருந்த மகள் சமையல்கட்டில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளும் ஆமென் சொல்லுவாள். அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை என்றே நாமும் எடுத்துக்கொள்ளுகிறோம்.

கடவுளுக்கு நன்றி சொல்லும்போது மனிதரைச் சொல்லிவிட்டால் கடவுளுக்குரிய மகிமை குறைந்துவிடும் என்ற ஓர் அச்சம் நம்முடைய வீடுகளில் இருக்கிறது. பக்தியிலிருந்து பிறந்த அச்சம்தான் அது. ஆனால் அதற்கு வேதத்தில் ஆதாரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தை ஆலயத்தில் வாசிக்கும் முறை வரும்போது, வெறும் பெயர்ப் பட்டியல்தானே என்று நாம் விரைந்து கடந்து விடுகிறோம். உண்மையில், பவுல் அப்போஸ்தலன் அங்கே இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்து, ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்பதையும் பல இடங்களில் சேர்த்தே எழுதுகிறார். பெபேயாள் தம்மையும் மற்றும் அநேகரையும் ஆதரித்தவள் என்கிறார், பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தம்முடைய உயிருக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்தவர்கள் என்கிறார், ரூப் என்பவருடைய தாய் தமக்கும் தாய் என்கிறார். கிருபையைப் பற்றி அவ்வளவு எழுதிய அதே கைதான் இதையும் எழுதிற்று. சபை கூடியிருக்கும்போது உரக்க வாசிக்கப்படும் கடிதம் அது என்பதை மறந்துவிடக் கூடாது; ரூபின் தாய் அன்று அங்கே உட்கார்ந்திருந்தால் தன் காதாலேயே அதைக் கேட்டிருப்பாள்.

நம்முடைய ஊர் வரலாறும் இதையே காட்டுகிறது. குமரி மாவட்டத்து நெய்யூரில் 1838-இல் லண்டன் மிஷன் தொடங்கிய மருத்துவப் பணியையும், 1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தை முடித்துக்கொண்டு தெற்கே வந்து, அந்த மருத்துவமனையில் குவிந்திருந்த நோயாளிகளைக் கண்டு, இங்கேயே பணியாற்ற முடிவு செய்த மருத்துவர் சோமர்வெல்லையும் இரு மாநிலத்தாரும் மறக்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் காரக்கோணத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மிகவும் சரி. அதே நெய்யூருக்கு நோயாளியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நடந்த மைத்துனர்களையும், மருந்துச் செலவுக்குக் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்த மாமியையும் எந்தக் கட்டடமும் தாங்கி நிற்காது. அவர்களைச் சொல்ல வேண்டியது வீட்டார்தான். வீட்டார் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

விளைச்சலைக் காணிக்கையாக ஆலயத்துக்குக் கொண்டுவரும் அறுப்பின் பண்டிகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நேந்திரன் குலையும் செவ்வாழைக் குலையும் பலாச்சக்கையும் தேங்காயும் கோழியும் ஆலய முற்றத்தில் வந்து நிறையும் அந்த நாள் எனக்கு மிகவும் பிடித்த நாள். அந்தக் காணிக்கைகளின் ஏலம் மட்டும் சில இடங்களில் யார் பெரியவர் என்று காட்டும் போட்டியாகிவிடுவது கண்டு எனக்குச் சிரிப்பும் வரும், சற்றுச் சலிப்பும் வரும். வேதத்தின் உபாகமம் 26-ஆம் அதிகாரத்தில் முதற்பலனைக் கூடையில் கொண்டுவருகிறவன் கூடையை வைத்துவிட்டுப் பேசாமல் போவதில்லை. தன் தகப்பன் எகிப்தில் பரதேசியாகத் தங்கியதையும், அங்கே பட்ட சிறுமையையும், கர்த்தர் அவர்களை வெளியே கொண்டுவந்ததையும் அவன் வாய்விட்டுச் சொல்லவேண்டும். அதன்பின் ஆலயப் பணிசெய்யும் லேவியனோடும் அந்நியனோடும் சேர்ந்து சந்தோஷப்படவேண்டும். காணிக்கையோடு கதையும் சேர்ந்தே ஆலயத்துக்குப் போகிறது. நாம் குலையைக் கொண்டுபோகிறோம். அந்த வாழையை நட்டது பாட்டா (தாத்தா), தண்ணீர் கோரியது மைனி (அண்ணி) என்னும் கதையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறோம்.

இனி, எளிதல்லாத ஒன்று. 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் வீசியபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர்களும், எல்லைக்கு அப்பால் விழிஞ்ஞம், பூந்துறை மீனவர்களும் கடலில் இருந்தார்கள். லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் கரையேறிச் சிலர் நாட்கள் கழித்து வீடு திரும்பினார்கள். பலர் திரும்பவே இல்லை. திரும்பி வந்தவர் வீட்டுக்கு நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்க நியாயமான ஆசை இருக்கும். அடுத்த வீட்டிலோ அடக்கம் செய்ய உடல்கூட இல்லாமல் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். 'கர்த்தர் எங்களைக் காப்பாற்றினார்' என்று அந்தத் தெருவில் நின்று உரக்கச் சொன்னால், அவள் காதில் அது எப்படி விழும்? கடவுள் ஏன் ஒருவரைத் திரும்பக் கொண்டுவந்தார், மற்றவரைக் கொண்டுவரவில்லை என்பதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. விளக்கம் இருப்பதாகச் சொல்லுகிறவர்களை நான் நம்புவதுமில்லை. அத்தகைய வேளையில் நன்றியை வீட்டுக்குள் மெல்லச் சொல்லிக்கொண்டு, அரிசியையும் கறியையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் அவளோடு உட்கார்ந்திருப்பதே கடவுளுக்கு ஏற்ற ஸ்தோத்திரம் என்று நான் நினைக்கிறேன்.

இதையெல்லாம் எங்கே தொடங்குவது என்றால், அதற்கான இடம் ஏற்கெனவே நம் வீடுகளில் இருக்கிறது. மாலையில் பாயை விரித்து, ஒரு பாட்டுப் பாடி, ஒரு சங்கீதம் வாசித்து, முழங்காற்படியிடும் குடும்ப ஜெபம் நம் பகுதியில் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. பாட்டி தமிழில் ஜெபிக்க, பாறசாலைப் பள்ளியில் மலையாளத்தில் படிக்கும் பேரன் மலையாளத்தில் முடித்துவைக்கும் வீடுகளும் உண்டு. அந்த ஜெபத்தில் 'இந்தக் குடும்பத்துக்காக ஸ்தோத்திரம்' என்று மொத்தமாகச் சொல்லுவதற்குப் பதிலாக, 'இன்று காய்ச்சலோடு எழுந்து எங்களுக்குச் சோறு கட்டித் தந்த அம்மாவுக்காக ஸ்தோத்திரம்' என்று ஆளையும் செயலையும் குறித்துச் சொல்லலாம். சொல்லப்படுவது கடவுளிடம், கேட்டுக்கொண்டு முழங்காலில் இருப்பவர் அம்மா. மனைவியின் முகத்தைப் பார்த்து நன்றி சொல்லக் கூச்சப்படும் ஆண்களுக்கு, கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் கிடைக்கும் இந்த வழி பெரிய உதவி. கொஞ்சம் கோழைத்தனம்தான் என்றாலும் போகட்டும்.

ஒருவரைச் சொன்னால் மற்றவருக்கு முகம் வாடாதா, மருமகளைச் சொன்னால் மாமி என்ன நினைப்பார் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வாடலாம். முதல் வாரத்தில் யாராவது முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் எங்கள் பகுதியில் ஒருவர் இறந்தபின் நடக்கும் நினைவு ஸ்தோத்திரக் கூட்டத்தில் அவருடைய ஒவ்வொரு உபகாரத்தையும் மணிக்கணக்கில் எடுத்துச் சொல்லுகிறோமே, அங்கே யார் முகமும் வாடுவதில்லை. கேட்க வேண்டியவர் மட்டும் அங்கே இருப்பதில்லை. ஆகையால் பிள்ளைகள் முதலில் தொடங்கட்டும், நாளுக்கொரு பெயராக இருக்கட்டும், வெளிநாட்டில் இருக்கும் மகளின் முறை வரும் நாளில் வீடியோ அழைப்பில் அவளையும் சேர்த்துக்கொண்டு ஜெபியுங்கள். அவளுடைய பணி நேரத்தை முன்கூட்டியே கேட்டுவிட்டு அழைப்பது நல்லது. நமக்கு மாலை ஜெப வேளை, அவளுக்கு இரவுப் பணிக்கு முந்தைய தூக்க வேளையாக இருக்கக்கூடும்.

வணக்கம்.