படிவம் நிரப்புறதுக்கு மேல வழி இருக்கா? மூதூர்த் தங்கச்சிக்குப் பதில்

அடுத்த கேள்வி மூதூரில இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறா. "பட்டப்படிப்பு முடிச்சு ரெண்டு வருசம். சர்வதேச நிறுவனங்கள்ட மதிப்பீட்டு வேலைக்கு, அதாவது ஒரு உதவித் திட்டம் சனத்துக்குப் பயன்பட்டுதா எண்டு பாக்கிற வேலைக்குக் கூப்பிடுறாங்க. வீடு வீடாப் போய் படிவம் நிரப்பிக் குடுத்தா வேலை முடிஞ்சுது. அதுக்கு மேல போகலாமா அக்கா?"

போகலாம் தங்கச்சி. நானும் உங்கட வயசில வெருகல் பக்கம் அந்த வேலைதான் செய்தன். கிணறு கட்டிக் குடுத்த ஒரு திட்டம். படிவத்தில கேள்வி, "கிணற்றைப் பாவிக்கிறீங்களா?" எல்லாரும் ஓம் எண்டாங்க. ஒரு அம்மா மட்டும், "ஓம் மகள், மாரியில. ஆவணி வந்தா உப்புத்தண்ணி, மாடும் வாய் வைக்காது" எண்டா. அதை எழுதக் கட்டம் இல்ல. ஓரத்தில எழுதினன். அறிக்கை வரக்குள்ள அந்த ஓரம் இல்ல, பாவனை நல்லம் எண்டு மட்டும் இருந்தது. எனக்கு அது இன்னும் மனசில கிடக்கு.

அந்தக் கேள்வியை எழுதின மேசையில இந்தப் பக்கத்துப் பிள்ளை ஒண்டு இருந்திருந்தா, "எந்த மாசம்?" எண்டு கேட்டிருக்கும். மதிப்பீட்டுக்கு உலகத்தில பரவலாப் பாவிக்கிற ஆறு அளவுகோல் இருக்கு: பொருத்தம் (சனத்தின்ட தேவைக்கு ஏத்ததா), இசைவு (மற்ற வேலைகளோட ஒத்துப்போகுதா), விளைதிறன் (நினைச்சது நடந்துதா), வினைத்திறன் (காசும் நேரமும் வீணாகாம நடந்துதா), தாக்கம் (வாழ்க்கையில என்ன மாறினது), நிலைபேறு (பலன் நிலைச்சு நிக்குமா). இசைவு 2019லதான் சேர்ந்தது. நிலைபேறு எண்டுறதே அந்த அம்மா சொன்ன ஆவணி மாசம்தானே?

சுனாமி உதவியைப் பற்றி 2006ல பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பெரிய மதிப்பீடு வெளியிட்டாங்க. பாதிக்கப்பட்ட ஊர்ச்சனம் தாங்களே மீளுறதுக்குத் துணை நிக்கிற மாதிரி உதவி மாறவேணும் எண்டு அதில எழுதியிருக்கு. திருகோணமலைக் கரையில, நிலாவெளியில, குச்சவெளியில இருந்தவங்களுக்கு அது அப்பவே தெரியும்.

சரி, வழி. இளம் மதிப்பீட்டாளர்களுக்காக 2015ல ஈவல்யூத் (EvalYouth) எண்டு ஒரு உலக வலையமைப்புத் தொடங்கினது, அதைத் தேடிப் பாருங்க. இலங்கை மதிப்பீட்டுச் சங்கமும் இருக்கு. ஐ.நா. தொண்டர் திட்டத்தில இளையோருக்கு எண்டே இடங்கள் வருது.

அடுத்த முறை கூப்பிட்டா, ஒப்பந்தத்தில கையெழுத்து வைக்க முதல் ரெண்டு விசயம் கேளுங்க. கேள்விகள் தயாரிக்கக்குள்ள நானும் இருப்பனா? அறிக்கையில என்ட பேர் வருமா? இல்ல எண்டா, கட்டத்துக்குள்ள அடங்காததை ஒரு கொப்பியில எழுதி, திகதி போட்டு, குழுத்தலைவருக்குக் கடிதமா அனுப்புங்க. சொன்ன ஆக்கள்ட பேரை மட்டும் போடாதீங்க, அவங்களுக்குப் பிரச்சினை வரக்கூடாது.