அடிபட்டவரை வீட்டில் சேர்த்தால் செலவு யார் கணக்கில்? | 1908, ஜோகன்னஸ்பர்க்

அண்மையில்தான் அறிமுகமான, வேற்று மதத்தைச் சேர்ந்த ஒருவர் முகம் கிழிந்து இரத்தம் ஒழுகக் கிடக்கிறார். அவரை உங்கள் வீட்டில் சேர்த்துக்கொண்டால், உங்களுக்குப் படியளப்பவர்களே உங்கள்மீது முகம் சுளிப்பார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்? 1908 பிப்ரவரி 10 அன்று இந்தக் கேள்வி ஜோசப் டோக் என்னும் பாப்டிஸ்ட் போதகர் முன் வந்து நின்றது. அடிபட்டுக் கிடந்தவர் காந்தி.

வணக்கம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், லெனேசியா என்று எங்கிருந்து பார்த்தாலும், முதலில் சப்ஸ்கிரைப் செய்துவிட்டு உட்காருங்கள்.

[திரையில்: பழைய ஜோகன்னஸ்பர்க் வரைபடம்]

சட்ட வரலாற்றைத் தொடங்கினால் நீங்கள் வேறு வீடியோவுக்குப் போய்விடுவீர்கள் என்பதால் பின்னணியை இரண்டே வாக்கியங்களில் முடிக்கிறேன். ஜோகன்னஸ்பர்க் அடங்கிய டிரான்ஸ்வால் மாகாணத்தில், இந்தியர்கள் கட்டாயத்தின் பேரில் அல்லாமல் தாமாகவே பதிவு செய்துகொள்ளலாம் என்று அரசுத் தரப்பின் அமைச்சர் ஸ்மட்ஸுடன் காந்தி சமரசம் செய்துகொண்டார். அதைத் துரோகமாகக் கருதிய மீர் ஆலம் என்னும் பட்டாணியரும் அவருடைய கூட்டாளிகளும், பதிவு அலுவலகத்துக்குப் போகும் வழியில் அவரைத் தடியால் அடித்தார்கள். உடன் சென்ற போராட்டத் தோழர் தம்பி நாயுடுவும் அடி வாங்கினார்.

செய்தி கேட்டு வந்த டோக், தம் வீட்டுக்கு வருமாறு காந்தியை அழைத்தார். கன்னத்திலும் மேலுதட்டிலும் தையல் போட்ட மருத்துவர் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டதால், காந்தி தமக்கு வேண்டியதை எழுதிக் காட்டினார். தமக்குப் பிடித்த ஆங்கிலப் பாமாலைப் பாடல் ஒன்றை டோக்கின் மகள் ஆலிவ் பாட வேண்டும் என்று காந்தி கேட்க, அந்தச் சிறுமி கதவருகே நின்று மெல்லிய குரலில் பாடினாள். பலரும் இந்தப் பாட்டோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், உண்மையான விஷயம் அந்த வீட்டின் வரவேற்பறையில் நடந்தது.

நம் ஊர் வீடுகளில் அந்த முன்னறைக்கு உள்ள மரியாதை உங்களுக்குத் தெரியும்: சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற மனம் வராது, பிள்ளைகள் அங்கே உட்கார்ந்தால் அம்மாவின் குரல் அடுக்களையிலிருந்தே வந்துவிடும். டோக் வீட்டு முன்னறைக்கோ, காந்தி படுத்திருந்த நாள்களில் இந்தியர்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். வணிகர்கள் மட்டுமல்லர், தலையில் கூடை சுமந்து தெருத்தெருவாக விற்றவர்களும், கையில் கூடையோடு, அழுக்குத் துணியோடு, புழுதி படிந்த பூட்ஸோடு அப்படியே உள்ளே வந்தார்கள். எல்லோரையும் ஒரே மரியாதையோடு வரவேற்று உட்கார வைத்தார்கள் என்று காந்தியே பின்னாளில் எழுதியிருக்கிறார். நோயாளி ஒருவருக்கு இடம் கொடுப்பது பெரிய காரியந்தான். அவரைத் தேடி வருகிற கூட்டத்துக்கெல்லாம் கதவைத் திறந்து வைப்பதை நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். அதிலும் வெள்ளையர்கள் இந்தியரைக் 'கூலி' என்று அழைத்த நகரத்தில், ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் அதைச் செய்தது.

வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனைக் காப்பாற்றிய, லூக்கா 10-ஆம் அதிகாரத்தின் நல்ல சமாரியன் கதையை ஞாயிறு பள்ளியிலிருந்தே கேட்டு வருகிறோம். அவன் காயங்களைக் கட்டியது நினைவிருக்கும், வாகனத்தில் ஏற்றியதும் நினைவிருக்கும். ஆனால் மறுநாள் காலையில் சத்திரக்காரனிடம் அவன் பேசிய பேரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அவன் கொடுத்தது இரண்டு வெள்ளிக்காசு. மத்தேயு 20-இல் திராட்சத் தோட்டக் கூலியாளின் ஒரு நாள் சம்பளம் ஒரு காசு என்பதால், அது இரண்டு நாள் கூலி. அதற்கு மேல் ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னான். எவ்வளவு என்று கேட்கவில்லை, உச்சவரம்பும் வைக்கவில்லை. வியாபாரம் தெரிந்த எந்தச் சித்தப்பாவும் இப்படி ஒரு வாக்குறுதியைக் கொடுக்க விடமாட்டார்!

டோக் ஏற்றுக்கொண்டதும் தொகை குறிப்பிடாத கணக்குத்தான். ஐரோப்பியர்கள் உங்களைக் கைவிட்டுவிட மாட்டார்களா என்று காந்தி கவலையோடு கேட்டபோது, தம் பிழைப்பு அவர்களிடமிருந்து வந்தாலும் தம்மைக் காப்பவர் தேவனே என்றும், அவர்கள் விலகிப்போனால் அதற்காக முறையிடப்போவதில்லை என்றும் டோக் பதிலளித்தார். தன்னலமற்ற உறவு என்று மேடைகளில் பேசும்போது நாம் பெரும்பாலும் உணர்ச்சியைப் பற்றியே பேசுகிறோம். இந்த மனிதரோ தம் வேலையையே பணயம் வைத்தார். விசுவாசம் இல்லாமல் அந்த அளவுக்குத் துணிந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே.

காந்தி எழுந்து நடமாடிய பிறகும் அந்தக் கணக்கு முடியவில்லை. 1909-இல் காந்தியின் முதல் வாழ்க்கை வரலாறு டோக்கின் கையால் எழுதப்பட்டு வெளிவந்தது. காந்தியின் நண்பரும் ஆசிரியருமான போலாக் இல்லாத காலத்தில், காந்தியின் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழின் ஆசிரியர் பொறுப்பையும் அவர் சுமந்தார். 1913 ஆகஸ்டில் ரொடீசியாவில் இறந்தார். காந்தி கடைசிவரை கிறிஸ்தவராகவில்லை. அதனால் நட்பும் குறையவில்லை. உதவி செய்த மறுநாளே ஞானஸ்நானத் தேதியைக் கேட்கும் அன்பர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை பார்க்கலாம்.

உங்கள் சபையிலும் இப்படிக் கணக்குப் பாராமல் ஒருவரைத் தாங்கியவர் இருந்தால், பெயரைத் தவிர்த்து, அவர் எதை இழந்தார் என்பதை மட்டும் கமெண்டில் எழுதுங்கள். டோக் இறந்த அதே 1913-இல், கிறிஸ்தவ முறையில் நடக்காத திருமணங்களைச் செல்லாதவையாக்கிய சேர்ல் தீர்ப்பைப் பற்றி அடுத்த வீடியோவில் பேசுகிறேன்.