ஓரக் குறிப்புகளுக்காக வாங்கிய பழைய சமையல் புத்தகம்

வணக்கம் நண்பர்களே. கும்பகோணத்தில் ஒரு பழைய பேப்பர் கடையிலிருந்து இந்தச் சமையல் புத்தகத்தை வாங்கி வந்திருக்கிறேன். 150 ரூபாய். “இது ஒரே கிழிசல் அம்மா, சுத்தமானதாக வேறொன்று தருகிறேன்” என்றார் கடைக்காரர். வேண்டாம், இதுதான் வேண்டும் என்றேன்.

முன்னட்டையும் முதல் தாள்களும் போய்விட்டன. எழுதியவர் பெயர் இல்லை, ஆண்டும் இல்லை. ஆனால் பின்னட்டையைப் பாருங்கள், விலை 12 அணா. அணாவுக்குப் பதிலாக நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். ஆகவே இது பெரும்பாலும் அதற்கு முந்தைய அச்சு. உள்ளே அளவெல்லாம் படி, ஆழாக்கு, பலம். எட்டு ஆழாக்கு ஒரு படி, ஒரு பலம் ஏறத்தாழ 35 கிராம்.

இப்போது பக்கங்களைக் காட்டுகிறேன். பட்சணப் பகுதியில் ஒரு கறைகூட இல்லை, அந்த வீட்டில் அதை யாரும் புரட்டவேயில்லை போலிருக்கிறது. குழம்புப் பகுதிக்கு வாருங்கள்! மஞ்சள் விரல் தடம், எண்ணெய், புளிக்கறை. பாகற்காய்ப் பிட்லைக்குப் பக்கத்தில் பென்சிலால் “தனியா கூட, மிளகாய் பாதி” என்று எழுதியிருக்கிறது. அதன் கீழே வேறொரு கையெழுத்து, நீல மையில்: “மாப்பிள்ளைக்குப் பெருங்காயம் ஆகாது.” அச்சிட்டவர் சொன்னதை அந்த வீடு எப்படி மாற்றிச் சமைத்தது என்பது இங்கேதான் இருக்கிறது. சுத்தமான பிரதியில் இது கிடைக்குமா?

இப்படி ஒன்று கிடைத்தால் தயவுசெய்து செல்லோடேப் ஒட்டாதீர்கள். பசை பழுப்பேறி, பிரிக்கும்போது எழுத்தோடு பெயர்ந்து வரும். வெயிலில் போட்டால் தாள் மேலும் நொறுங்கும். நம் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூச்சி வேறு. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், பட்டை, மிளகு, கிராம்பு ஆகியவற்றைப் பொடித்து, சூடம் சேர்த்து, துணியில் முடிந்து சுவடிகளோடு வைப்பார்கள். நானும் அலமாரியில் அப்படி ஒரு முடிச்சு வைத்திருக்கிறேன்.

மன்னார்குடியோ மயிலாடுதுறையோ, பழைய வீட்டை இடிக்கும்போது பரணில் உள்ள காகிதத்தை அப்படியே எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு முறை புரட்டிப் பாருங்கள், ஓரக் குறிப்புகளையாவது படமெடுத்துக்கொள்ளுங்கள்.

இதோ, ரசவாங்கி என்ற கத்தரிக்காய்க் குழம்பின் பக்கத்தில் “கொத்துக்கடலை” என்பதற்குப் பிறகு ஒரு சொல் எண்ணெயில் மங்கிவிட்டது. கேமராவை அருகில் கொண்டுபோகிறேன். உங்கள் வீட்டில் ரசவாங்கி செய்பவர்கள் யாராவது இருந்தால் காட்டுங்கள், அவர்களுக்குப் பிடிபடும். என்ன சொல் என்று எனக்கு எழுதுங்கள்.